பின்சக்கரப் பூட்டு

தம்பி இறந்து முப்பத்திரண்டாம் நாள் காலையில் அண்ணன் ஜீப்பை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். தம்பியின் மனைவி பஸ்ஸில் வந்தாள். இருவரும் ஒரே வீட்டில், அவர் கீழேயும் அவள் மாடியிலுமாகக் குடியிருப்பவர்கள்தான். இருந்தும் அந்த ஜீப்பில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வர அவளுக்கு மனம் ஒப்பவில்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து பட்டறை வரை வெயிலில் நடந்து வந்தவள், வாசலில் நின்ற ஜீப்பைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். ஜீப்பையும் பார்க்கவில்லை, அதில் சாய்ந்து நின்றவரையும் பார்க்கவில்லை.

பட்டறைக்காரரை எல்லோரும் ‘கிரௌன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எஞ்சினையோ பிரேக்கையோ அவர் தொடமாட்டார். பின்சக்கரங்களுக்கு நடுவில் பூசணிக்காய் மாதிரி உருண்டையாகத் தொங்கும் இரும்புப் பெட்டிதான் அவருடைய தொழில். அதற்குள் இருக்கும் பெரிய பல்சக்கரத்தின் பெயர் கிரௌன். அதுவே அவருக்கும் பெயராகிவிட்டது. சக்கர அச்சான ஆக்சிலைப் பிரிப்பது, எண்ணெய் மாற்றுவது, வண்டியின் அடிப்பாகத்தில் துரு பிடிக்காமல் கறுப்புப் பூச்சு அடிப்பது, இவைதான் அவர் செய்யும் வேலைகள். முன்பக்கம் அவருடைய மனைவி பேரிங், சீல், எண்ணெய் டப்பா விற்கும் சின்னக் கடை. சகோதரர்களின் ஜீப் ஐந்து வருடமாக அவர் கையில்தான் வளர்ந்தது.

“லாக்கர் போடணுமாமே,” என்றாள் வந்தவள். வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிற தையல்காரி அவள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்திருந்தது. “முன்னால ஒரு தடவை எங்க வீட்டுக்காரர் சொன்னப்ப நான் நகை வைக்கிற லாக்கர்னு நெனச்சேன். அப்புறந்தான் விசாரிச்சேன். அது போடாம அந்த வண்டி இனிமே மலை ஏறக் கூடாது சார்.”

கிரௌன் வாசலில் நின்ற அண்ணனைப் பார்த்தார். அவர் தலையை ஆட்டினார். சரி என்கிறாரா, எப்படியோ போங்கள் என்கிறாரா என்று தெரியவில்லை.

நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சகோதரர்கள் இருவரும் மலைமேல் இருக்கும் செல்போன் கோபுரங்களின் ஜெனரேட்டர்களைப் பழுது பார்ப்பவர்கள். ஒரு கோபுரம் செத்துவிட்டது என்று கூப்பிட்டிருந்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கு முழுவதற்கும் சிக்னல் தருவது அந்த ஒரு கோபுரம்தான். போய், பெல்ட்டை மாற்றி, மூடியைப் போடாமலே ஓட்டிப் பார்த்தபோது விசிறியின் தகடு ஒன்று உடைந்து பறந்து வந்து தம்பியின் தொடையில் இறங்கியது. அண்ணன் துண்டை முறுக்கிக் கட்டி, தம்பியைத் தூக்கி ஜீப்பின் பின்பக்கம் படுக்க வைத்துக்கொண்டு இறங்கினார். போனில் யாரையும் கூப்பிட வழியில்லை. அவர்கள் சரி செய்யப் போனதே அதைத்தானே.

பாதி வழியில் ஓர் ஓடைப் பள்ளம் இருந்தது. மழை அரித்து அரித்து அதன் கரை கோணலாகிக் கிடந்தது. வழக்கமாக அந்த இடத்தில் தம்பி இறங்கி முன்னால் நின்று கொள்வான். “இந்தக் கல்லுல ஏத்துண்ணே, கொஞ்சம் இடது, போதும் போதும்” என்று கை காட்டுவான். அன்று கை காட்ட ஆளில்லை. ஜீப் ஒரு சக்கரம் தவறி இறங்கியது. முன்சக்கரம் ஒன்றும் பின்சக்கரம் ஒன்றும் குறுக்காக அந்தரத்தில் தூக்கிக்கொண்டன. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அந்தரத்தில் இருந்த சக்கரம் பைத்தியம் பிடித்தது போலச் சுற்றியது. தரையில் அழுந்தியிருந்த சக்கரம் கல்லாக நின்றது. ஐம்பது நிமிடம் அப்படியே போனது. அப்புறம் அண்ணன் தம்பியை முதுகில் போட்டுக்கொண்டு நடந்தார். தார்ச் சாலையை அடைந்தபோது முதுகில் இருந்த பாரத்தில் மூச்சு இல்லை.

ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் தையல்காரி முப்பத்திரண்டு நாளாக நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தாள். அண்ணனிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டையும் போடவில்லை. மாடிப்படியில் எதிரே வந்தால் சுவரோரம் ஒதுங்கி வழி விடுவாள், அவ்வளவுதான்.

கிரௌன் மேசையைத் துடைத்து மூன்று உருப்படிகளை எடுத்து வைத்தார்.

“கேளுங்கம்மா. எஞ்சின் கொடுக்குற பலத்தை ரெண்டு பின்சக்கரத்துக்கும் பங்கு போடுறதுதான் இந்தப் பெட்டியோட வேலை. வளைவுல திரும்பறப்ப வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடணும், உள்சக்கரம் கம்மியா ஓடணும். அதுக்காக ரெண்டையும் தனித்தனியா விட்டிருக்கான். ஆனா இதுக்கு ஒரு கெட்ட குணம். எந்தச் சக்கரம் சுலபமா சுத்துதோ, பலம் பூரா அந்தப் பக்கமே ஓடிப் போயிடும். ஒண்ணு அந்தரத்துல தூக்கிருச்சுன்னா இன்னொண்ணு சும்மா நிக்கும். லாக்கர் போட்டா ரெண்டையும் ஒண்ணாப் பூட்டிடும். தரையில இருக்கிற சக்கரம் தள்ளித்தான் ஆகணும்.”

“தையல் மிஷின்ல கைச்சக்கரத்து நடுவுல ஒரு திருகு இருக்கும்,” என்றாள் அவள். “தளர்த்தினா சக்கரம் மட்டும் சுத்தும், ஊசி அசையாது. இறுக்கினா ரெண்டும் சேர்ந்து ஓடும்.”

இருபத்தெட்டு வருடத் தொழிலில் யாரும் அவருக்கு அதை அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. “அதேதான்மா,” என்றார்.

“இதுல எது நல்லது?”

அவர் முதல் உருப்படியைத் தொட்டார். “இது பாதிப் பிடி பிடிக்கும். சேறு, மணலுக்குச் சரி. ஆனா சக்கரம் முழுசா அந்தரத்துல இருந்தா இதால பெருசா ஒண்ணும் ஆகாது.”

அவள் அதை ஒரு விரலால் மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டாள்.

“இது தானாப் பிடிக்கிறது. பொத்தான் கிடையாது, ஒயர் கிடையாது, கெட்டுப் போகவும் பெருசா ஒண்ணுமில்ல. திரும்பறப்ப டக்கு டக்குன்னு சத்தம் போடும். அது பரவால்ல. ஆனா மழையில, ஒரு பக்கம் சரிஞ்ச பாதையில போறப்ப ரெண்டு சக்கரமும் ஒண்ணா வழுக்கும். பின்பக்கம் பள்ளத்துப் பக்கம் இழுக்கும். எப்போ பிடிக்கணும், எப்போ விடணும்னு அதுதான் முடிவு பண்ணும், நாம இல்ல. மூணாவது இது, காத்துல வேலை செய்யறது. சின்ன கம்ப்ரஸர் ஒண்ணு மாட்டணும். பொத்தானை அழுத்தினா காத்து போய்ப் பூட்டும். விட்டா சாதாரண வண்டி. விலை கூட, வேலையும் கூட. ஓட்டறவன் சரியான நேரத்துல அழுத்தணும். அதுதான் முக்கியம்.”

அப்போதுதான் வாசலில் இருந்து அண்ணனின் குரல் வந்தது. “தானாப் பிடிக்கிறதையே போடுங்க மாஸ்டர். என்னை நம்பிப் பொத்தானெல்லாம் வேணாம். அந்த நேரத்துல எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.”

தையல்காரி திரும்பவில்லை. கிரௌனின் முகத்தைப் பார்த்தே பேசினாள். “பொத்தான் வெச்சதையே போடுங்க சார். வண்டியை ஓட்டப் போறது நான்.”

அண்ணன் ஜீப்பில் சாய்ந்திருந்த முதுகை நிமிர்த்தினார். அவள் தொடர்ந்தாள். “எங்க வீட்டுக்காரர் பங்கு பாதி வண்டி எனக்கு. அவர் பார்த்த வேலையும் பாதி எனக்கு. சீருடை தைச்சு ரெண்டு பிள்ளைகளை வளர்க்க முடியாது. ஓட்டக் கத்துக்கிட்டு பதினெட்டு நாள் ஆச்சு. என்னோட மிஷினை எப்போ இறுக்கணும், எப்போ தளர்த்தணும்னு நான்தான் முடிவு பண்றேன். இதையும் நானே பண்ணிக்கறேன்.”

கிரௌன் ஒன்று மட்டும் சொன்னார். ஆக்சில் ஷாஃப்டில் எத்தனை பல் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் பொருத்தமானதை வாங்க முடியும். மறுநாள் பிரித்து அளவு எடுத்துக்கொண்டு சாமான் வாங்குகிறேன், நாலு நாளில் வாருங்கள் என்றார். அவள் பஸ்ஸுக்குப் போனாள். அண்ணன் சாவியைக் கடை மேசையில் வைத்துவிட்டு அவளுக்கு நூறடி பின்னால், எட்டிப் பிடிக்காமல், அதே நிறுத்தத்துக்கு நடந்தார்.

மறுநாள் காலை கிரௌன் ஜீப்பைத் தூக்கி நிறுத்தி, எண்ணெயை வடித்தார். இரண்டு பக்க ஷாஃப்டையும் உருவினார். போல்ட்டுகளைக் கழற்றி, உள்ளிருக்கும் பல்சக்கரக் கூட்டை இரு கையாலும் அணைத்து வெளியே இழுத்தார். வரவில்லை. ஏதோ ஒன்று உள்ளே பிடித்து இழுத்தது. டார்ச்சை அடித்துப் பார்த்தார்.

மெல்லிய செப்புக் குழாய் ஒன்று கூட்டின் விளிம்பிலிருந்து வளைந்து மேலே போய், பெட்டியின் மேல் சுவரில் ஒரு துளையில் நுழைந்திருந்தது.

அது என்ன என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரிந்ததை ஏற்றுக்கொள்ளத்தான் நேரம் பிடித்தது. குழாயைக் கழற்றிக் கூட்டை மேசைக்குக் கொண்டுவந்து துணியால் துடைத்தார். இந்த ஜீப்பில் ஏற்கெனவே லாக்கர் இருந்தது. நேற்று அவள் தேர்ந்தெடுத்த அதே வகை, காற்றில் பூட்டுவது. சகோதரர்கள் வாங்குவதற்கு முன்பு இதை வைத்திருந்தவன் போட்டிருக்கிறான். கம்ப்ரஸர் கெட்டதும் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, ஆக்சிலில் காற்று நுழையும் வாயைப் பித்தளைத் திருகால் அடைத்து, ஒன்றும் சொல்லாமல் விற்றுவிட்டான். காற்று இல்லாதபோது அது சாதாரணப் பெட்டி போலவே நடந்துகொள்ளும். ஓட்டுபவனுக்கு வித்தியாசமே தெரியாது.

கிரௌன் ஜீப்பின் அடியில் போய்ப் படுத்து, பெட்டியின் மேல்பக்கம் விரலால் தடவினார். ஒரு சின்னப் புடைப்பு. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார். கறுப்புப் பூச்சு செதில் செதிலாக உதிர்ந்தது. பித்தளை மின்னியது.

அந்தப் பூச்சு அவர் அடித்தது. மூன்று வருடம் முன்பு இதே இடத்தில் இதேபோல் படுத்துக்கொண்டு அடித்தது. பிரஷ் ஏதோ ஒன்றில் தட்டி நின்றதும், ஆவி போகிற வால்வு அடைத்துக் கிடக்கிறது போல என்று நினைத்ததும், இன்னொரு கை பூச்சு அதிகமாகவே வைத்ததும் ஞாபகத்துக்கு வந்தன. அதற்கு அப்புறம் மூன்று தடவை எண்ணெய் மாற்றியிருக்கிறார். கீழே திருகைக் கழற்றி வடிப்பது, பக்கத்துத் துளையில் ஊற்றுவது. திறந்து பார்க்கத் தேவை வரவில்லை. ஆக்சில்தான் அவருடைய உலகம் என்று ஊரே சொல்கிறது.

கூட்டின் குழாயில் பட்டறையின் காற்றடிக்கும் மோட்டாரிலிருந்து காற்றைக் கொடுத்தார். ‘டக்’ என்று ஒரு சத்தம். இரண்டு பக்கப் பல்சக்கரங்களும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன. கையால் முறுக்கிப் பார்த்தார். மயிரிழையும் அசையவில்லை. இத்தனை வருடம் உள்ளே சும்மா கிடந்தும் புத்தம் புதுசு போல வேலை செய்தது.

டீ கொண்டுவந்த மனைவி, அவர் முகத்தைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டு, “என்ன ஆச்சு?” என்றாள். அவர் சொன்னார். பூச்சு விஷயத்தையும் மறைக்காமல் சொன்னார்.

அவள் மேசையில் கிடந்ததை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். “இதை அவங்ககிட்ட சொல்லப் போறீங்களா?”

“சொல்லாம?”

“சொல்லி என்ன ஆகப் போகுது? போன உசுரு திரும்பி வந்துடுமா? அந்த மனுஷன் ஏற்கெனவே பாதி செத்துக் கெடக்கிறார். இதைக் கேட்டா மீதியும் போயிடும். அந்தப் பொண்ணு இப்பத்தான் எழுந்து நிக்குது.” குரலைத் தாழ்த்தினாள். “உங்களையும் யோசிச்சுப் பாருங்க. நாளைக்கு நம்ம வாசல்ல யார் வண்டியை நிறுத்துவான்?”

“அவங்க வண்டியில இருக்கிறதையே அவங்களுக்கு வித்துக் காசு வாங்கச் சொல்றியா?”

“காசு யார் கேட்டா? பழைய லாக்கர் ஒண்ணு கைக்கு வந்துச்சு, சும்மாக் கெடந்துச்சு, போட்டுவிட்டேன்னு சொல்லுங்க. கம்ப்ரஸருக்கு மட்டும் வாங்கிக்குங்க. வண்டியும் சரியாயிடும். யாருக்கும் வயிறு எரியாது.”

அவருக்கு அது தப்பாகப் படவில்லை. இரக்கமாகவும் இருந்தது, தனக்கு வசதியாகவும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அவர் விரும்பவில்லை. அடுத்த மூன்று நாள் வேலையில் தலையைப் புதைத்துக்கொண்டார். சீல் மாற்றினார். செப்புக் குழாயைச் சோதித்தார். பானெட்டுக்குள் சின்ன கம்ப்ரஸர் ஒன்றைப் பொருத்தி, ஒயர் இழுத்து, ஸ்டியரிங் பக்கத்தில் அவள் கைக்கு எட்டும்படி சிவப்புப் பொத்தான் ஒன்று வைத்தார். பொத்தானுக்குத் துளை போடும்போதுதான் டாஷ்போர்டில் ஸ்டியரிங்குக்கு இடது பக்கம் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் மூடி கண்ணில் பட்டது. பழைய பொத்தான் இருந்த இடம். அண்ணனும் தம்பியும் ஐந்து வருடமும் அதற்கு முன்னால் உட்கார்ந்துதான் ஓட்டியிருக்கிறார்கள்.

நாலாம் நாள் பகல் இருவரும் வந்தார்கள். இந்தத் தடவை ஒரே பஸ், தனித்தனி சீட். கிரௌன் பொத்தானைக் காட்டினார். எப்போது அழுத்தலாம், எப்போது கூடாது, தார்ச் சாலையில் பூட்டிக்கொண்டு ஓட்டினால் என்ன முறியும் என்று விளக்கினார். தையல்காரி ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பழைய லாக்கர் ஒன்று தற்செயலாகக் கிடைத்த கதையையும் சொன்னார். பொத்தானையே பார்த்துக்கொண்டு சொல்லி முடித்துவிட்டார்.

“ரொம்ப உபகாரம் சார்,” என்றாள் அவள். “பழசைக் கொடுத்துருங்க.”

“எதும்மா?”

“இதைப் போடறதுக்காக எடுத்தீங்களே, அந்தப் பழைய சாமான். எங்க வீட்டுக்காரர் எப்பவும் கேட்டு வாங்கிடுவார். மிஷினுக்கு ஒரு ஸ்பிரிங் மாத்தினாக்கூடப் பழசை வாங்கிட்டு வான்னு என்கிட்ட சொல்லுவார்.”

அவர் மூலையில் கிடந்த பழைய இரும்புக் குவியலுக்குப் போனார். ஏதோ ஒரு வண்டியின் பல்சக்கரக் கூடு எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்தது. பையில் போட்டுக் கொடுத்தால் முடிந்தது. அவளுக்கும் தெரியாது, அண்ணனும் உற்றுப் பார்க்கிற நிலையில் இல்லை. குனிந்து அதன் மேல் கையை வைத்தார். கடை மேசைக்குப் பின்னாலிருந்து மனைவி பார்த்துக்கொண்டிருப்பது முதுகில் தெரிந்தது. கை தூக்க மறுத்தது. நிமிர்ந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

“பழசுன்னு ஒண்ணும் இல்லம்மா. நான் பொய் சொல்லிட்டேன்.”

எல்லாவற்றையும் சொன்னார். அடைத்த பித்தளைத் திருகு, அதன் மேல் தன் கையால் அடித்த பூச்சு, மூன்று தடவை மாற்றிய எண்ணெய். ஜீப்பின் அடியில் டார்ச் அடித்துச் சுரண்டிய இடத்தையும் காட்டினார்.

அண்ணன் அங்கே கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையையும் முழங்காலின் மேல் வைத்து, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கப் போகிற பையன் போல இருந்தார்.

“அன்னைக்கு ஜீப்ல டயருக்குக் காத்தடிக்கிற மோட்டார் இருந்துச்சு,” என்றாள் தையல்காரி. “பின்சீட்டுக்கு அடியில. அதை வெச்சு…?”

“குழாய் வேணும்மா, பொருத்தறதுக்கு மூக்கு வேணும். தெரிஞ்சிருந்தா முன்னாடியே ஒரே நாள்ல மாட்டியிருப்போம். தெரியாம அந்த இடத்துல ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது.”

“தெரிஞ்சிருந்தா, அன்னைக்கு வண்டி ஏறியிருக்குமா?”

“ஏறியிருக்கலாம்.”

“இருக்கலாம்னு வேண்டாம் சார். அதே இடத்துல போட்டுக் காட்டுங்க. இப்பவே.” பிறகு, முப்பத்தாறு நாளில் முதல் தடவையாக, டயரின் மேல் இருந்தவரைப் பார்த்துப் பேசினாள். “நீங்களும் வாங்க மாமா. எந்தக் கல்லுன்னு நீங்கதான் காட்டணும்.”

கிரௌன் ஓட்டினார். அவள் முன்சீட்டில் உட்கார்ந்தாள். பின்பக்கம் யாரும் சொல்லாமலே அண்ணன் ஏறிக்கொண்டார். தார்ச் சாலை முடிந்த பிறகு ஏழு கிலோமீட்டர் மண்பாதை. ஓடையை நெருங்கியதும் அண்ணன் இறங்கி முன்னால் போய், ஒரு கல்லைக் காலால் தொட்டுக் காட்டிவிட்டு ஒதுங்கினார். பாதை ஓரத்தில் அவர் அன்று டயருக்கு அடியில் அடுக்கிய கற்கள் அப்படியே கிடந்தன.

கிரௌன் ஜீப்பை மேலே கொண்டுபோய்த் திருப்பி, அந்தத் தவறான கோட்டிலேயே இறக்கினார். அவர் பயந்தபடியே ஜீப் ஒரு பக்கம் சாய்ந்து, இரண்டு சக்கரம் குறுக்காகத் தூக்கிக்கொண்டது. பொத்தானைத் தொடாமல் மிதித்தார். அந்தரத்தில் இருந்த சக்கரம் ஊளையிட்டது. அந்தச் சத்தம் கேட்டதும் அண்ணன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முதுகைத் திருப்பினார்.

“அழுத்துங்க,” என்றாள் தையல்காரி.

கிரௌன் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். அடியில் ‘டக்’ என்றது. மெதுவாக மிதித்தார். தரையில் அழுந்தியிருந்த சக்கரம் கல்லைப் பற்றியது. ஜீப் ஒரு குலுக்கு குலுங்கி, அவ்வளவுதான், மறு கரையில் ஏறி நின்றது. மூன்று எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. அவர் அதைவிடக் கஷ்டமாக இருக்கும் என்று நம்பியிருந்தார். கொஞ்சமாவது திணறியிருந்தால், ஒரு தடவையாவது வழுக்கியிருந்தால், ஒருவேளை அன்றும் முடியாமல் போயிருக்கும் என்று சொல்லிக்கொள்ள வழி இருந்திருக்கும்.

தையல்காரி இறங்கி ஓடைக் கரையில் நின்றாள். அழவில்லை. அண்ணன் அவளுக்குப் பத்தடி தள்ளி வந்து நின்றார்.

“இது மட்டும் இல்லம்மா,” என்றார். “வண்டி மாட்டிக்கிச்சு, அதான் நேரமாயிடுச்சுன்னு வீட்டுல சொன்னேன். அது பாதிதான். மாட்டின உடனே அவன் சொன்னான். வண்டியை விடுண்ணே, என்னைத் தூக்கிட்டு நடன்னு. ரெண்டு தடவை சொன்னான். நான்தான் கேக்கல. இன்னும் ஒரு தடவை பாக்கலாம், இன்னும் ஒரு தடவைன்னு… ஏழு கிலோமீட்டர் தூக்கிட்டு நடக்க முடியுமான்னு எனக்குப் பயம். கல்லை அடுக்கினேன். ஜாக்கி போட்டேன். அவன் அப்புறம் ஒண்ணும் சொல்லல. டயர்ல காத்தை இறக்குண்ணேன்னு எனக்கு யோசனை சொல்லிட்டுப் படுத்திருந்தான். கொஞ்ச நேரத்துல அதுவும் சொல்லல.”

கிரௌன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே இருந்தார். இறங்கிப் போய் ஏதாவது சொல்லலாமா என்று நினைத்தார். சொல்லத் தனக்கு என்ன அருகதை இருக்கிறது என்றும் நினைத்தார்.

தையல்காரி அண்ணனை நோக்கி இரண்டடி எடுத்து வைத்தாள். அடிக்கப் போகிறாள் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கடைசியில், “எந்தப் பக்கம் தலை வெச்சுப் படுத்திருந்தார்?” என்று கேட்டாள்.

“கதவுப் பக்கம்.”

“வெயில் பட்டுச்சா?”

“துண்டு கால்ல கட்டியிருந்துச்சு. சட்டையைக் கழட்டிக் கட்டிவிட்டேன், நிழலுக்கு.”

அவள் தலையை ஆட்டினாள். பிறகு ஜீப்பின் ஓட்டுநர் பக்கம் வந்து கதவைத் திறந்து, “நகருங்க சார், நான் ஓட்டறேன்,” என்றாள்.

மண்பாதையில் அவள் முதல் கியரிலும் இரண்டாவதிலுமாகவே ஓட்டினாள். இரண்டு இடத்தில் வண்டி அணைந்தது. கிரௌன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பின்பக்கம் அண்ணன் சீட்டில் உட்காராமல், வெறும் தகட்டின் மேல், கதவோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார். பள்ளங்களில் வண்டி தூக்கிப் போட்டபோது அவர் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.

அதற்கு அப்புறம் அவர் ஜீப்பை ஓட்டவே இல்லை. வேலையை விடவும் இல்லை. அவள் ஓட்டுவாள், அவர் ஜெனரேட்டரைப் பார்ப்பார், ஃபில்டரையும் பெல்ட்டையும் அவருக்கு அவள் எடுத்துக் கொடுப்பாள். பேச்சு வேலையைப் பற்றி மட்டும்தான். முன்சீட் காலியாக இருந்தாலும் அவர் பின்னால்தான் உட்காருவார். ஒருநாள் மழையில் அவள் முன்னால் வரச் சொல்லியும் போகவில்லையாம். அவள் மறுபடி கூப்பிடவில்லை.

கிரௌன் தன் பட்டறைக்கு வரும் எல்லா வண்டியின் ஆக்சிலையும் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தார். எண்ணெய் மாற்ற வந்தவனிடமும், திறந்து பார்க்காமல் ஊற்ற மாட்டேன் என்றார். பாதிப் பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். நடந்ததை யாரோ வெளியில் சொல்லியிருந்தார்கள், அதனாலும் சிலர் வரவில்லை. கறுப்புப் பூச்சு டப்பாக்களை மனைவி கடையிலிருந்து எடுத்து எங்கோ போட்டுவிட்டாள். அவரை அவள் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

தையல்காரி இனி தன் வாசலை மிதிக்க மாட்டாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். நாலு மாதம் கழித்து ஒரு காலையில் ஜீப் வந்து நின்றது. அவள்தான் ஓட்டி வந்திருந்தாள். பின்பக்கம் அண்ணன் இறங்காமல் இருந்தார்.

“எண்ணெய் மாத்தணும்,” என்றாள்.

அவர் ஜீப் வரை நடந்து வந்தார். “நீங்க திரும்ப வருவீங்கன்னு…”

“மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க சார். உங்களையும் இல்ல, அவரையும் இல்ல. அது என்னால முடியுமான்னு எனக்கே தெரியல. இந்தப் பக்கம் ஆக்சில் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான். அதனால வந்தேன்.”

அவர் வண்டியைத் தூக்கி நிறுத்தினார். பலகையைப் போட்டு அடியில் போகப் போனபோது, அவளும் ஒரு பழைய சாக்கை விரித்துக்கொண்டு பக்கத்தில் வந்து மல்லாந்து படுத்தாள். விளக்கை வாங்கித் தானே பிடித்துக்கொண்டாள்.

“ஒவ்வொண்ணாச் சொல்லுங்க,” என்றாள். “இது என்ன?”

“எண்ணெய் வடிக்கிற திருகு.”

“இது?”

“பிரேக் குழாய்.”

“அதுக்குப் பக்கத்துல இருக்கிறது?”

அவர் விரலை வைத்து வைத்துச் சொல்லிக்கொண்டே போனார். அவள் ஒன்றையும் விடவில்லை. மேலே, தகட்டுக்கு மறுபக்கம், அண்ணன் உட்கார்ந்த இடத்தில் லேசாக நகர்வது கேட்டது.

கிரௌன் ஸ்பானரை மாட்டித் திருகைத் தளர்த்தினார். கறுத்த எண்ணெய் கீழே வைத்த தட்டில் விழத் தொடங்கியது.